கோப்பையின் உன் பக்கம்

மரானோ,
நவம்பர் 19

அன்புள்ள தம்பி ரெமிஜியோவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடங்களில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தவிர என்னிடமிருந்து உனக்கு எதுவும் வந்ததில்லை. தடித்த உறையைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அப்படி எதுவும் இல்லை. உன் அண்ணன் ஜெல்மினோ இந்த நிமிடம் முற்றத்தில் பீப்பாய்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்கிறது. அது நிற்பதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

விடாமல் மழை பெய்த வருடம் இது. ஆனாலும் அறுவடையைக் குறை சொல்ல முடியாது. பரண் முழுக்க மூங்கில் தட்டுகள். ஒவ்வொன்றிலும் திராட்சைக் கொத்துகள் ஒன்றை ஒன்று தொடாமல் படுத்துக் காய்கின்றன, மதியத் தூக்கத்துக்குப் படுக்க வைத்த பாலர் வகுப்பு மாதிரி. சமையலுக்கு இன்னமும் எல்டாதான் வருகிறாள். முழங்கால் வலி கூடியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் விருந்தாளிகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். நம் ஒயின்களை ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற உணவைப் பக்கத்தில் வைப்போம். எந்த ஒயினுக்கு எது என்று அட்டை எழுதுவது என் வேலை. ஊற்றிக்கொண்டே பேசுவது உன் அண்ணன் வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வழக்கம்போல ஓர் உதாரணத்தோடுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஆக்னேசே என்று ஒரு மாணவி இருந்தாள். அழகாக வாசிப்பாள். வரியின் மேல் விரல் நகரும், நிறுத்த வேண்டிய இடத்தில் குரல் நிற்கும். ஒரு நாள் ஜன்னல் காற்றில் புத்தகத்தின் பக்கம் புரண்டது. அவள் பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ரெமிஜியோ. வீட்டில் அக்கா வாசிப்பதைக் கேட்டு அத்தனையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஐந்து மாதம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் பக்கம் புரண்டது.

டென்மார்க்கிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். முதலில் இளம் ஒயினும் சொப்ரெஸ்ஸாத் தொத்திறைச்சியும் சுட்ட சோளமாவுப் பொலெந்தாவும். அப்புறம் வாத்துக்கறி போட்ட பிகோலி நூடுல்ஸ். அப்புறம் வேகவைத்த மாட்டிறைச்சியும் பெயாராவும். எல்டா அந்தக் குழம்பில் எலும்பு மஜ்ஜையைத் தாராளமாகப் போட்டிருந்தாள். எல்லாம் நன்றாகவே போயிற்று. உன் அண்ணன் இனிப்பில்லாத அமரோனேயை ஊற்றி, "செர்ரி, பாதாம், கொஞ்சம் கிராம்பு" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் என் பாதாம் கேக். அதற்கு நம் இனிப்பு ஒயின், ரெச்சோத்தோ. இந்த வருடம் பிழிந்ததைப் பீப்பாயிலிருந்து நேராக எடுத்து வந்து, தனி மரியாதையாக ஊற்றினார். "செர்ரி, பாதாம், கொஞ்சம் கிராம்பு" என்றார்.

அதே வார்த்தைகள். என் காது நிமிர்ந்தது.

அவர்கள் கேக்கைக் கடித்து ஒரு வாய் குடித்தார்கள். வயதான ஓர் அம்மாள், நம் மொழி ஓரளவு தெரிந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, கேக்கோட சேத்துக் குடிச்சா வாயெல்லாம் கசக்குதே. எனக்கு மட்டும்தானா?"

உன் அண்ணன் சிரித்தார். "கசக்கறது ஒயின் இல்லம்மா. என் பெண்டாட்டி டீச்சர். நாப்பது வருஷம் பசங்களை மிட்டாய் குடுத்தே அடக்கின கை. கேக்குல சர்க்கரையை அள்ளிக் கொட்டிட்டா. அதுக்கு முன்னாடி தேனே கசக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் கோப்பையை எடுத்துக் குடித்தேன். இனிப்பு ஒரு துளி இல்லை. நுரைத்துப் பொங்குவதை நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தாமல் விட்டால் ரெச்சோத்தோ தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய்விட்டது என்று நம் பக்கம் சொல்வார்களே, அதுதான். குளிரில் மெதுவாக ஊர்ந்து, கோடையில் ஒரே ஓட்டமாக ஓடியிருக்கிறது. வாரா வாரம் அந்தப் பீப்பாயைத் திறந்து ருசி பார்த்தவர் உன் அண்ணன்தான்.

நான் எழுந்து கேக் தட்டுகளை எடுத்தேன். இரண்டு வருடம் பழுத்த மலைச் சீஸை வெட்டிக் கொண்டு வந்து வைத்தேன். கேக் சும்மா முன்னோட்டம், இந்த ஒயினுக்குச் சரியான ஜோடி இதுதான், எங்கள் வீட்டு வழக்கம் என்று அளந்தேன். "எந்த வீட்டு வழக்கம்? இருபது வருஷமா நான் இந்த வீட்லதான் கரண்டி பிடிக்கறேன், கண்ணால பாத்ததில்லையே" என்று எல்டா அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள். நல்ல வேளை, டென்மார்க்காரர்களுக்கு அது புரியவில்லை. அந்த அம்மாள் சீஸைக் கடித்து ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப சரியாயிடுச்சு" என்றார்.

உன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சீஸ் இனிப்பான ஒயினுக்கா கசப்பான ஒயினுக்கா என்பது இந்த வீட்டில் பிறந்தவனுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். தட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தன் ஒயின் கசந்துவிட்டது என்பதை அவர் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், ரெமிஜியோ. நாக்கு அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டே கேட்டார்: "நேத்து கேக்கை ஏன் எடுத்துட்டே?"

அடி தீய்ந்துவிட்டது என்றேன்.

"ஆமா ஆமா. எனக்கும் தீஞ்ச வாசனை வந்துச்சு" என்றார்.

கேக் தீயவில்லை. இரண்டு வீடு தள்ளி யாராவது பால் பொங்க விட்டால் இங்கிருந்தே சொல்கிற மனிதர் அவர்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதன்கிழமை அவருடைய காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். மெதுவாக, முழுவதையும் குடித்தார். "நல்லா இருக்கு நோர்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் எந்தக் குழந்தைக்கும் நான் இப்படி ஒரு பரீட்சை வைத்ததில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று சேர்கிறது. போன ஜனவரியில் திராட்சை பிழிந்த வாரமே அவருக்குக் கடும் காய்ச்சல். பதினோரு நாள் படுக்கை. எழுந்ததும் நேராக நிலவறைக்குத்தான் போனார். அன்று போன மூக்கும் நாக்கும் திரும்பி வரவில்லை. பெயாராவின் மேல் மிளகைக் கொட்டிக்கொள்வார். "ஐயா, மூட்டையோட கவுத்துடுங்களேன், எனக்கு அரைக்கிற வேலை மிச்சம்" என்று எல்டா கிண்டல் செய்வாள். "இந்த வருஷ மிளகுல காரமே இல்ல" என்பார். பீப்பாய்க்குள் கந்தகத் திரி எரியும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அவர் நேராக எட்டிப் பார்க்கிறார். கண்ணில் நீர் வழிகிறது, அப்படியே நிற்கிறார். போன வாரம் பரணின் வடக்கு மூலையில் ஏணிப்படியிலேயே எனக்குப் பூஞ்சை நாற்றம் அடித்தது. அவர் அன்று காலை அந்த மூலைக்குப் போய்த்தான் வந்திருந்தார். அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் நானும் எல்டாவும் கெட்ட தட்டுகளை இறக்கி எரித்தோம்.

ஒரு நாள் ஒளிந்து பார்த்தேன். ஒரு கொத்தை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு நிற்கிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று காத்து நிற்பவர் மாதிரி.

டாக்டரிடம் போகலாம் என்று ஜாடையாகச் சொன்னேன். "ஜுரம் வந்து போச்சு. அதுக்குப் போய் இன்னும் எதுக்கு டாக்டர்?" என்று எழுந்து போய்விட்டார். வெளியாளை வைத்து ருசி பார்க்கலாம், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆனால் நிலவறைக்குள் இன்னொருவர் கால் வைத்தால் அன்றே பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். ஒரு வருடம் ஓடிப்போனால் வானிலையைக் குறை சொல்வார்கள். இரண்டாம் வருடமும் ஓடிப்போனால் மனிதனைச் சொல்வார்கள். வருகிற ஜனவரியில் மறுபடி பிழிய வேண்டும். அதையும் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் செய்யப்போகிறார். இந்த முறை போனால் ஒயின் மட்டும் போகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் அப்பா கடைந்த செர்ரி மரக் கோப்பை இன்னும் இருக்கிறது, இரண்டு கைப்பிடியோடு. உனக்கு அந்த வழக்கம் மறந்திருக்காது. பிழிந்த பிறகு தினமும் ஒருவர் ஒரு பக்கம் குடித்து, "இன்னைக்கு" அல்லது "இன்னும் இல்ல" என்று சொல்ல வேண்டும். மற்றவர் மறுபக்கம் குடித்துச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே நாளில் "இன்னைக்கு" என்றால்தான் பீப்பாயை மாற்றிப் பொங்குவதை நிறுத்துவது. நீ வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்த வருடம் மூன்று நாள் தொடர்ந்து நீ "இன்னைக்கு" என்றாய், அவர் "இன்னும் இல்ல" என்றார். நீ சர்க்கரை அளக்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து வந்து உள்ளே விட்டாய். "குழாய் வெச்சுக் குடிக்கறவன் ஜெர்மனிக்குப் போ" என்றார் அவர். நீயும் போனாய். அங்கே மோசெல் ஆற்றங்கரையில் இனிப்பு ஒயினுக்கு உன்னைத்தான் கேட்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் உன் அண்ணன் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொள்வார்.

நீ போன பிறகு நடந்ததை இதுவரை உனக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் நான் பார்ப்பது தெரியாது. ஒவ்வொரு வருடமும் அவர் தன் பக்கம் குடிப்பார். "இன்னும் இல்ல" என்பார். கோப்பையைத் திருப்புவார். உன் கைப்பிடியைப் பிடித்து, உன் பக்கம் குடிப்பார். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு" என்பார். அன்றே பீப்பாயை மாற்றிவிடுவார். பதினெட்டு வருடம் அவர் உன் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார். ஒரு முறைகூடத் தன் பக்கத்தைக் கேட்கவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு, போன பிப்ரவரியில், கோப்பையைத் திருப்பினார், திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கமும் பேசவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கைப்பிடிக்கு வேறு ஆள் வரப்போவதும் இல்லை. நீ வா. நான் எழுதினேன் என்று சொல்லாதே, பதிலை எல்டா வீட்டு முகவரிக்கு அனுப்பு.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ நாளும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணி,
நோர்மா


மரானோ,
டிசம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

பண்டிகை நாட்களில் உன்னைத் தொந்தரவு செய்கிறேன். உன் கடிதம் எல்டா வீட்டு முகவரிக்குப் பத்திரமாக வந்தது. "காதல் கடிதமா டீச்சர்? இந்த வயசுலயா?" என்று அவள் கேட்ட கேள்வியை விட்டால் வேறு சேதம் இல்லை.

உன் நான்கு வரிகளைப் பலமுறை படித்தேன். நீ கோபமாக எழுதவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. "நான் கூப்பிடாம இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று நீ கிளம்பிய அன்று அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் வைத்திருக்கிறாய். அவர் வாயால் கூப்பிட்டால் அன்றே ரயில் ஏறுகிறேன், அண்ணி கூப்பிட்டு வந்தால் மறுபடி அதே வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்கிறாய். நியாயம்தான். நான் மறுக்கவில்லை.

அதனால் உன்னிடம் எதையும் கேட்பதற்கு முன்னால், கிறிஸ்துமஸ் மதியம் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நாங்கள் இருவர்தான். கோழி வேகவைத்து, பெயாரா கிண்டியிருந்தேன். அவர் அன்று மிளகைக் கேட்கவில்லை. வெறுமனே சாப்பிட்டார். கடைசியில் நதாலின் கேக்கை வெட்டினேன். வழக்கமாக அந்த வருட ரெச்சோத்தோவைத் திறப்போம். அவர் நிலவறைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். இந்த வருடத்தது இல்லை, அது ஓடிப்போய்விட்டது என்று முதல் தடவையாகத் தன் வாயால் சொன்னார். கேக்கைத் தண்ணீரோடு சாப்பிட்டோம். ஒயின் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கும் தண்ணீரும்! பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் அவர் அலமாரியைத் திறந்து செர்ரி மரக் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு கைப்பிடியை என் பக்கமாகத் திருப்பினார்.

"இந்த வருஷம் நீ அந்தப் பக்கம் குடிக்கறியா?" என்றார்.

இவ்வளவு தூரம் அவர் வந்ததே பெரிய விஷயம். அதற்காக அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது என் பக்கம் இல்லை, எனக்கு இனிப்பு தெரியும், நாள் தெரியாது என்றேன். அது உண்மை. நான் கேக்குக்கு ஒயின் பார்ப்பவள். நாளைக்கு இந்த ஒயின் என்ன ஆகும் என்று இன்றைக்கே சொல்கிற நாக்கு உங்கள் இருவருக்கும்தான் வாய்த்தது.

பிறகு என்ன கேட்டார் தெரியுமா? "அந்தக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் போடச் சொன்னேனே, போட்டுட்டியா?"

நான் போடவில்லை. பத்தொன்பது வருடமாக அது என் சாக்பீஸ் பெட்டியில், பஞ்சுக்கு நடுவில் இருக்கிறது. எடுத்து வந்து கொடுத்தேன். அவர் திட்டவில்லை. சட்டை நுனியால் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார், தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டு வந்தார்.

"எல்லாம் எறும்பு எறும்பா இருக்கு. ஜெர்மன்காரனுக்கே புரியாது. இதைப் படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்தா நல்லா இருக்கும்" என்றார்.

ரெமிஜியோ, நான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தவள். அந்தக் குழாயில் இருப்பது வெறும் எண்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

குழாயைப் பெட்டிக்குள் வைக்காமல், கோப்பைக்குள் நிறுத்தி வைத்தார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

அவர் வாயால் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கூப்பிட்டாரா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். அவரோடு ஒரே கட்டிலில் தூங்கி வளர்ந்தவன் நீ. விடைத்தாளை உன் கையில் கொடுத்துவிட்டேன், மதிப்பெண் நீதான் போட வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆக்னேசேயிடம் நான் ஒருநாளும் 'உனக்கு வாசிக்கத் தெரியாது' என்று சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலையும் அவள் விரலுக்கு அருகில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். வருடக் கடைசியில் அவள் வாசித்தாள்.

மூக்கு திரும்பி வருமா என்று தெரியாது. வராமலும் போகலாம். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நீ வந்தால் அது சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி காலையில் பிழிகிறோம். பனி மூட்டமாக இருந்தால் வெரோனாவிலிருந்து வரும் பேருந்து தாமதமாகும், அதற்குத் தக்கபடி கிளம்பு. மாடியில் உன் அறையில் வெங்காயம் காயப் போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். எல்டா மெத்தையை வெயிலில் போட்டாள். யார் வருகிறார்கள் என்று உன் அண்ணன் கேட்டார். யாரும் இல்லை, சும்மா காற்றாடட்டும் என்றாள். "நல்லாத் தட்டிப் போடு. ரெண்டு கம்பளி வை, குளிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று கோப்பையைத் துடைத்து எண்ணெய் தடவினேன். அவர் பக்கத்துக் கைப்பிடி தேய்ந்து மெலிந்திருக்கிறது. உன் பக்கமும் அதே அளவு தேய்ந்திருக்கிறது, தம்பி.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும். வேறு ஆசீர்வாதம் எனக்கு இப்போது தெரியவில்லை.

உன் அண்ணி,
நோர்மா